பரங்கிக்காய்ப் பாக்கி

அன்றைக்கு அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலம் போட்ட கோயில் மூப்பர். அவருக்குப் பக்கத்தில் நாற்காலியில் போதகர். நோட்டும் பென்சிலுமாகப் பொருளாளர். சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிய கோயில்பிள்ளை. முன்வரிசையில் மல்லாட்டை மண்டிக்காரர், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவருக்குப் பின்னால் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். சிதம்பரத்திலிருந்து முதல் நாளே வந்திருந்த என் தாய்மாமன். வெள்ளைப் புடவையில் அம்மா. அம்மாவின் இடுப்பில் மூன்று வயதுத் தம்பி. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான், வயது பத்து. மற்ற சபையார் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார்கள், அவர்கள் இதில் வரமாட்டார்கள். அப்பா இல்லை. அவரை அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

யாரையாவது விட்டுவிட்டேனோ என்று இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. நான் அப்படித்தான், உங்களுக்கே தெரியும். இதை எழுத உட்கார்ந்த பிறகும் அடுப்பை அணைத்தேனா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்காதவள் எழுதுவது. பிழை இருந்தால் என் வயதுக்காரர்கள் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. புதுப் பைசா வந்து சில வருடமாகியும் கடைத்தெருவில் எல்லாரும் அணாவில்தான் பேசினார்கள். நாங்கள் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், உப்பனாற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுபவர். தோணியில் ஏறுகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு, ஐந்தாவது மூட்டைக்குக் குறுக்குக் கோடு. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது அவருடைய புருவத்திலெல்லாம் மல்லாட்டைத் தூசி படிந்திருக்கும். காதில் ஒரு கட்டைப் பென்சில். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக எழுதுகிற பென்சில் அது. அப்பாவின் கீழுதடு எப்போதும் லேசாக ஊதா நிறத்தில்தான் இருக்கும். அடக்கத்துக்கு முன்னால் யாரோ அதைத் துடைத்துவிட்டார்கள். யார் என்று தெரியவில்லை. பென்சிலும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

ஆவணியில் ஒரு நாள் அப்பா சமையல் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி, சாம்பலும் எருவும் போட்டு, நான்கு பரங்கி விதை ஊன்றினார். "கூரமேல ஏத்திவுட்டா தை மாசத்துக்குக் காய்தான்" என்றார் அம்மாவிடம். "மொதக் காய் கோயிலுக்கு. ரெண்டாங்காய் நமக்கு. மூணாவது இவளுக்குக் கல்யாணம் பண்ண." நான் கோபித்துக்கொண்டு எழுந்து போனேன். அவர் சிரித்தது எனக்குப் பின்னால் கேட்டது.

ஐப்பசி மழையில் நனைந்து வந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. விஷக்காய்ச்சல் என்றார்கள். இருபத்திரண்டு நாள் படுத்திருந்தார். அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

அதே மழையில் மூன்று செடிகள் அழுகிப்போயின. ஒன்று மட்டும் கூரை ஏறியது. மார்கழியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பக்கத்து வீட்டு மீன்கார அக்கா விடியற்காலையில் வந்து, வாசல் கோலத்தில் வைக்கப் பூ கேட்பாள். அம்மா காய் பிடிக்காத பூவாகப் பார்த்துப் பறித்துக் கொடுப்பாள். அத்தனை பூவுக்கும் ஒரே ஒரு காய்தான் நின்றது. அது பருத்துச் சிவந்து, கூரை அமுங்குகிற அளவுக்கு வந்தது. நான் தினமும் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதை நிமிர்ந்து பார்ப்பேன். அப்பா கை வைத்ததில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

தை கடைசியில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வேறு சபையில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: முதல் விளைச்சலைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். நெல், கரும்பு, கோழி, முட்டை, எலுமிச்சை, எது இருக்கிறதோ அது. ஆராதனை முடிந்ததும் வெளியே மேசை போட்டு அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். காலணா எலுமிச்சம்பழம் இரண்டு ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் சில நேரம் மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். காசு உடனே தர வேண்டியதில்லை, நோட்டில் பேர் ஏறும், வாராவாரம் கவரில் போட்டுக் கட்டலாம். ஆனால் ஏலத்தில் சொன்ன சொல் ஆண்டவர் முன்னால் சொன்ன சொல். மறுவருடப் பண்டிகைக்குள் கட்டாதவர் பேரும் தொகையும் கோயிலில் வாசிக்கப்படும்.

முதற்காய் கோயிலுக்கு என்று அப்பா சொன்னதை அம்மா மறக்கவில்லை. மாமா எவ்வளவோ சொன்னார்.

"இருக்கறதே ஒண்ணு. புள்ளைங்க வயித்தப் பாரு தங்கச்சி. ஆண்டவருக்குப் பரங்கிக்காயா கொறச்சல்?"

அம்மா காயை ஈரத் துணியால் துடைத்தாள். அவள் கை நடுங்கியது. துக்கத்தில் நடுங்குகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

கோயில்பிள்ளை அந்தக் காயைத் தோளுயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். மூப்பர் "எட்டணா!" என்று ஆரம்பித்தார். ஒரு ரூபாய், ஒன்றரை, இரண்டு. மண்டிக்காரர் காலை ஆட்டிக்கொண்டே "அஞ்சு" என்றார். சபை திரும்பிப் பார்த்தது. யாரோ ஐந்தரை என்றார்கள். "ஆறு" என்றார் மண்டிக்காரர். "ஆறு ரூபா ஒருதரம்."

மண்டிக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார், அவர் வீட்டு அடுப்படியில் யாரோ அப்பாவை வெட்டப்போகிறார்கள். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

"ஆறு ரூபா ரெண்டுதரம்."

"பத்து ரூபா!"

என் குரல்தான். எனக்கே திடுக்கென்றது. எல்லாரும் சிரித்தார்கள். மூப்பரும் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். ஒரு தலையசைப்பு போதும், குழந்தை உளறியது என்று விட்டிருப்பார்கள். அம்மா என்னைப் பார்த்தாள், காயைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சொன்னது சொன்னதுதாங்க" என்றாள். "எம்பேர்ல எழுதிக்கங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றுதரம் சொல்லும்போது மூப்பரின் குரலே இறங்கிப்போயிருந்தது.

மாமா வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். "பத்து ரூவாக்கிப் பரங்கிக்கா! சிதம்பரத்துல பத்து ரூவாக்கி ஒரு வண்டி பரங்கிக்கா வாங்கலாம். வண்டிக்காரனையும் சேத்து வாங்கலாம்." அம்மா அவருக்குச் சோறு போட்டு ரயிலுக்கு அனுப்பினாள். மறுநாள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. இரண்டு பேருமாக மண்டிக்குப் போனோம்.

மல்லாட்டை உடைக்கிற வேலை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் முதல் வாரத்தில் கொப்பளித்து, இரண்டாம் வாரத்தில் உரிந்து, மூன்றாம் வாரத்தில் மரத்துப்போகும். மரக்கால் கணக்கில் கூலி. பருப்பைத் தின்றால் கூலி இல்லை. தோலை மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பெரிக்கலாம். முழுப்பரீட்சைக்கு நான் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. வாரத்துக்கு எட்டணா கவரில் போட்டோம். காயைக் கட்டிலுக்கு அடியில் வைக்கோல் போட்டு வைத்திருந்தேன். அம்மா வெட்டலாம் என்று இரண்டு முறை கேட்டாள். நான் அழுதேன். விட்டுவிட்டாள்.

அப்பாவுக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதுவும்தான். அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. அப்பாவை அடக்கம் பண்ணின பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர் அனனியா சப்பீராள் கதை சொன்னார்கள். நிலத்தை விற்று, பணத்தில் கொஞ்சத்தை ஒளித்துவைத்துக்கொண்டு, மீதியைக் காணிக்கையாகக் கொண்டுவந்த புருஷனும் பெண்சாதியும். முதலில் அவன் விழுந்து செத்தான். அப்புறம் அவள். டீச்சர் நன்றாகக் கதை சொல்வார்கள். சப்பீராளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் காலடிச் சத்தத்தைக்கூட மேசைமேல் தட்டிக் காட்டினார்கள்.

அது என் கதைதான் என்று எனக்குப் பட்டது. ஏனென்றால் ஐப்பசிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா காணிக்கைக்கென்று பத்துப் பைசா கொடுத்தார். நான் ஐந்து பைசாவுக்குக் கமர்கட்டு வாங்கித் தின்றுவிட்டு, ஐந்து பைசாவைத் தட்டில் போட்டேன். போடும்போது சத்தம் பெரிதாக வரட்டும் என்று ஓங்கிப் போட்டேன். அடுத்த வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயம். இப்போது ஏலப் பாக்கி வேறு. அந்தப் பத்து ரூபாயில் ஒரு பைசா நின்றாலும் அடுத்து அம்மாதான். மத்தியானத்தில் அவள் கண் அசந்தால் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். காற்று வரும். போய் மண்பானைத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி வைப்பேன்.

பதினான்கு வாரம் எட்டணா தவறவில்லை. பதினைந்தாவது வாரம் தம்பிக்குச் சீதபேதி. மருந்து, கஞ்சி, மண்டிக்குப் போகாத மூன்று நாள். கவரில் நாலணாதான் போட முடிந்தது. அதற்கடுத்த வாரம் ஒன்றுமே இல்லை.

அந்த ஞாயிறு காலை முதல் மணி அடித்தபோது, அம்மாவின் கோயில் புடவையை, அவளிடம் இருந்த ஒரே வெள்ளைப் புடவையை, மல்லாட்டைத் தோல் மூட்டைக்குள் திணித்துக் கட்டினேன். சப்பீராள் சபைக்கு முன்னால் வந்து நின்றபோதுதானே விழுந்தாள். போகாவிட்டால் விழமாட்டாள்.

"எங்கடி பொடவ?"

"தெரியாது."

"கொடியில இருந்தது நடந்தா போச்சி? ரெண்டாம் மணி அடிக்கப் போவுது. எங்கடி?"

அம்மா வீடு முழுக்கத் தேடினாள். மூட்டையின் வாயில் வெள்ளைத் துணியின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்து உதறினாள். தோலும் தூசியுமாகக் கொட்டியது. என் முதுகில் இரண்டு அடி விழுந்தது. அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை, கடைசியும் அதுதான்.

நான் அவள் காலைக் கட்டிக்கொண்டேன். "போவாதம்மா. போனா செத்துடுவ."

"இன்னாடி சொல்ற? யாரு சொன்னா?"

"டீச்சரு."

"நான் செத்துடுவேன்னு டீச்சரா சொன்னாங்க?"

"சப்பீராளு செத்துட்டா. காசு பாக்கி வச்சா. நானும் வச்சேன். அதனாலதான் அப்பா."

பிறகு எல்லாம் வந்துவிட்டது, கமர்கட்டு, ஐந்து பைசா, ஓங்கிப் போட்ட சத்தம். கோயிலில் இரண்டாம் மணி அடித்து ஓய்ந்தது. அம்மா தோல் குப்பைக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள். மடியில் கிடந்த புடவையிலிருந்து தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"ஒங்கப்பாவுக்குத் தெரியும்டி" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ கோயில் சொவத்துக்குப் பின்னால நின்னு கமர்கட்டு தின்னத அவரு பாத்துட்டாரு. அன்னிக்கு வந்து எங்கிட்ட சொல்லி அப்பிடிச் சிரிச்சாரு. 'ஒம்பொண்ணு கர்த்தரோட பாதிக்குப் பாதி கூட்டு வியாபாரம் பண்றா'ன்னாரு." அம்மாவின் வாய் கோணியது. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "அந்த மனுசனே சிரிச்சாரு. ஆண்டவரு அவரவிட மோசமாடி?"

"நானும் ஒன்ன மாதிரிதான் இருந்தேன்" என்றாள் கொஞ்சம் கழித்து. "அந்தக் காய ஏன் கொண்டுபோயி வச்சேன்னு நெனைக்கிற? அவரு வார்த்தைய காப்பாத்தவா? இல்லடி. பயம். குடுக்கலன்னா அடுத்து ஒங்க ரெண்டு பேருல ஒருத்தர எடுத்துக்குவாரோன்னு பயம். காயத் தொடைக்கக்குள்ள கையெல்லாம் நடுங்கிச்சி. நீ பத்து ரூபான்னு கத்துனப்பவும் அந்தப் பயத்துலதான் ஆமான்னேன். அத வேண்டுதல்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் பாரு."

அன்றைக்கு அம்மா கோயிலுக்குப் போகவில்லை. அரிவாள்மனையை எடுத்துப் போட்டு, "அந்தக் காய எடுத்துக்கிட்டு வா" என்றாள். நான் எடுத்துவந்தேன். உள்ளே ஒரு பக்கம் அழுகியிருந்தது. கெட்டதைச் செதுக்கி எறிந்துவிட்டு மீதியைத் துண்டு போட்டாள். காய்ந்த மிளகாயும் கொஞ்சம் வெல்லமும் போட்டுச் செய்தாள். மீன்கார அக்கா வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். தட்டைப் பார்த்து நான் தயங்கினேன். அதற்குக் காசு இன்னும் கட்டியாகவில்லை. அம்மா தன் கையால் ஒரு துண்டெடுத்து என் வாயில் வைத்தாள். இனிப்பாக இருந்தது. விழுங்கிவிட்டு, அம்மா விழுங்குகிறாளா என்று பார்த்தேன். விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு பொருளாளரிடம் போனாள். மூப்பரும் அங்கே இருந்தார்.

"இந்த வாரமும் கவரு வரலீங்களே? ரெண்டே முக்கா நிக்கிது" என்றார் பொருளாளர்.

"நிக்கட்டுங்க."

"எப்பக் கட்டுவீங்க?"

"கட்டறதா இல்லீங்க."

மூப்பர் தொண்டையைச் செருமினார். "கஷ்டம்னா ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. கமிட்டில வச்சித் தள்ளுபடி பண்ணிடலாம்."

"தள்ளுபடியும் வேணாங்க. எம்பேர்ல பாக்கியாவே இருக்கட்டும்."

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. திமிர் என்று நினைத்தார்கள், அவர்கள் முகத்திலேயே அது தெரிந்தது. அம்மா அவர்களைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, கோயிலுக்கு நடுவில், பீடத்துக்கு நேர் எதிரே, இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றாள். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் விழவில்லை.

அடுத்த வாரமும் விழவில்லை. அதற்கடுத்த வாரமும். ஆராதனை முழுக்க நான் பிரசங்கம் கேட்காமல் அவள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த ஞாயிறு அப்படிப் பார்க்க மறந்தேன் என்று நினைவில்லை. மறந்துவிட்டேன் என்பதைப் பல மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அதற்குள் நாங்கள் சிதம்பரத்துக்கு வந்திருந்தோம். கீழவீதியில் மாமாவுக்குச் சைக்கிள் கடை, ஒரு பெண்கள் விடுதிச் சமையலில் அம்மாவுக்கு வேலை.

அந்தப் பாக்கிக்கு அம்மா என்ன விலை கொடுத்தாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கோயிலுக்கென்று எடுத்துவைப்பார்களே, எங்கள் தெருப் பிடியரிசி டின் அம்மாவின் பொறுப்பில்தான் இருந்தது. அப்பா இறந்த வாரத்தில்கூட வீடு வீடாகப் போய் வாங்கிவந்தாள். பாக்கிக்காரர் கையில் சபை அரிசி இருக்கக்கூடாது என்று அதை வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். டீச்சர் வந்துதான் எடுத்துப்போனார்கள். அம்மா டின்னைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். அன்று பூராவும் வாசல்பக்கம் வரவில்லை. வேலை குறைந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

வருடா வருடம் அறுப்பின் பண்டிகைக்குச் சிதம்பரத்திலிருந்து ரயிலேறிப் போவோம். கையில் ஒரு படி அரிசியோ ஒரு சீப்பு பழமோ இருக்கும். பாக்கிப் பட்டியல் வாசிக்கும்போது அம்மாவின் பேர் வரும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். ஒரு வருடம் அவள் போட்ட காணிக்கையைப் பொருளாளர் பாக்கியில் வரவு வைக்கப் பார்த்தார். "அது காணிக்க, இது பாக்கி. ரெண்டையும் ஒண்ணாப் போடாதீங்க" என்று சொல்லித் திருத்தவைத்தாள்.

அந்த வருடம் திரும்பி வருகிற ரயிலில், பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போகும்போது மாமா வெடித்தார்.

"ரெண்டே முக்கா ரூவா! இந்தா மூணு ரூவா, மிச்சத்துக்கு அந்தச் சபையத் தேர் வாங்கி ஓட்டச் சொல்லு. எம்மானம் போவுது தங்கச்சி. ஒனக்கு ஒண்ணு தெரியுமா? அன்னிக்கு அந்த மண்டிக்காரரு காய ஏலத்துல எடுத்து, ஒரு மூட்ட அரிசியோட ஒங்க வூட்டுக்கே அனுப்பறதா இருந்தாரு. காலையிலயே எங்கிட்ட சொன்னாரு. இவ வாய வச்சிக் கெடுத்தா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மூட்டை அரிசி. என் படிப்பு. அம்மாவின் விரல்கள். எல்லாம் என் ஒரு கத்தலில் போயிற்று.

அம்மா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அரிசி வந்திருந்தா தின்னுருப்போம் அண்ணே" என்றாள். "இவ அந்த அஞ்சு பைசாவ வயித்துலயே வச்சிக்கிட்டு வளந்திருப்பா. நானும் நடுங்கிக்கிட்டே ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்திருப்பேன்." மாமாவுக்கு அது என்ன ஐந்து பைசா என்று தெரியாது. கேட்கவும் இல்லை. மூன்று ரூபாயை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் கவலைப்படுவதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுப்பைப் பற்றி, பூட்டைப் பற்றி, மகன் வண்டி ஓட்டுவதைப் பற்றி, எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறேன். ஆண்டவரைப் பற்றி மட்டும் படுவதில்லை. என் புருஷன் போனபோதும், பெரிய பேத்தி போனபோதும் அழுதேன், சண்டைகூடப் போட்டேன். எந்தக் கணக்குக்காக எடுத்தார் என்று கேட்கவில்லை.

அம்மா எழுபத்தொன்பது வயதுவரை இருந்தாள். ஒரு மத்தியானம் கண்ணயர்ந்தவள் அப்படியே போய்விட்டாள். பழக்கம் விடாமல் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தது நான்தான். போவதற்குச் சில மாதம் முன்னால் ஒரு தடவை சொல்லியிருந்தாள், "அத நீ கட்டிடாத."

சென்ற அறுப்பின் பண்டிகைக்குக் கடலூர் போனேன். பொருளாளர் இப்போது ஒரு இளம்பெண். பழைய நோட்டுகளை வரிசையாக அட்டை போட்டு வைத்திருக்கிறாள். தேடி எடுத்துக் காட்டினாள். ஊதா எழுத்து மங்கவில்லை. அப்பா வைத்திருந்தது போன்ற பென்சில்தான். "இத இன்னும் யாரும் அடிக்கலயே ஆன்ட்டி, நான் க்ளோஸ் பண்ணிடட்டா?" என்று கேட்டாள். என் பையில் சில்லறை இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பரங்கிக்காய் ஒன்று, ஏலத்தொகை பத்து ரூபாய், கட்டியது ஏழே கால். பாக்கி இரண்டு ரூபாய் எழுபத்தைந்து பைசா.